ஆயர் குடும்பம் ஒன்று, செப்புத் தகட்டில்: 17ஆம் நூற்றாண்டு எட்சிங் முறைக்கு முழுமையான வழிகாட்டி

மரநிழலில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய், கோலூன்றி நிற்கும் ஆயன், காலடியில் இரண்டு ஆடு, சற்றுத் தள்ளி மூட்டை சுமந்த கழுதை, கடைசியில் வெயிலில் கரைந்துபோகும் மலை. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலும் ஹாலந்திலும் இந்தக் காட்சிக்கு நல்ல கிராக்கி இருந்தது. ஜெனோவாக்காரர் ஜியோவான்னி பெனடெட்டோ காஸ்டில்யோனே (1609–1664) மந்தையும் சட்டிபானையுமாக இடம்பெயரும் குடும்பங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஹார்லெமில் பிறந்த நிக்கோலாஸ் பெர்கெமும், 1678இல் வெனிஸில் இறந்த காரெல் டுயார்டினும் இத்தாலிய வெயிலை டச்சு வீடுகளுக்குக் கொண்டுவந்தார்கள். அட்ரியான் வான் ஆஸ்டாடே (1610–1685) மேய்ச்சல் நிலத்தை விட்டுக் குடியானவன் குடிசைக்குள் நுழைந்தார். ‘குடும்பம்’ என்ற அவருடைய எட்சிங் 1647இல் செய்தது. வாங்கியவர்களில் ஆடு மேய்த்தவர் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். படத்தில் ஒருவருக்கும் வியர்க்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் வரைந்து, மெழுகு விலகிய கோடுகளை அமிலத்தில் அரிக்கவிட்டு (இதைத்தான் ‘கடித்தல்’ என்கிறோம்), அந்தப் பள்ளங்களில் மை நிரப்பித் தாளில் அச்செடுப்பதே எட்சிங். இந்தப் படங்களில் மலை தூரத்தில் நிற்பதும் மரத்தடி கண்ணருகே வருவதும் கோடு போட்ட கையால் மட்டும் நடப்பதில்லை. தகடு அமிலத்தில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதுதான் பாதி வேலையைச் செய்கிறது. அதனால் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே நேரக்கணக்கு எழுதியாகிவிட வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கணக்கைச் சுற்றித்தான் போகிறது.

தகடு

15 × 18 செ.மீ. அளவு, 1 முதல் 1.2 மி.மீ. கனம் உள்ள செப்புத் தகடு போதும். இதைவிட மெல்லியது அழுத்த எந்திரத்தில் வளையும். பித்தளை வேண்டாம், அதில் துத்தநாகம் கலந்திருப்பதால் அமிலம் ஒரே சீராகக் கடிக்காது.

முதலில் நான்கு விளிம்புகளையும் அரத்தால் ஏறக்குறைய 45 பாகைச் சரிவாக ராவி, மூலைகளை லேசாக உருட்டுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டால் அச்சிடும்போது கூரான விளிம்பு தாளை வெட்டும், மேலே போடும் கம்பளியையும் வெட்டும். கம்பளிதான் விலை அதிகம்.

பிறகு வாட்டர் பேப்பர் 400, 800, 1200 என்ற வரிசையில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் திசையை மாற்றித் தேய்த்தால் முந்தைய தாளின் கீறல் போய்விட்டதா என்று தெரியும். இங்கே மிஞ்சும் ஒவ்வொரு கீறலும் அச்சில் வானத்தில் ஒரு கோடாக வந்து நிற்கும். உலோகப் பாலிஷ் போட்டு முடித்தால் முகம் தெரிய வேண்டும்.

அடுத்தது எண்ணெய்ப்பசை நீக்குவது. சுண்ணக்கட்டித் தூளைக் கொஞ்சம் வினிகரில் குழைத்துப் பஞ்சால் தேய்த்துக் கழுவுங்கள். தகட்டைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினால் அது ஒரே படலமாக வழிய வேண்டும். எங்காவது முத்துமுத்தாகத் திரண்டால் அங்கே பசை இருக்கிறது. மெழுகு அந்த இடத்தில் ஒட்டாது, அமிலத்தில் உரிந்து வரும். கழுவிய பிறகு விளிம்பைத் தவிர வேறெங்கும் விரல் படக் கூடாது.

மெழுகுப்பூச்சு

அக்காலத்தில் இரண்டு வகை இருந்தது. அச்சோவியர் ஜாக் காலோ (1592–1635) இசைக்கருவி செய்பவர்களின் கெட்டியான வார்னிஷைப் பயன்படுத்தினார். கோடு செதுக்குளியால் வெட்டியதுபோல் கூர்மையாக வரும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் மென்மையான மெழுகுப்பூச்சை விரும்பினார். அதில் ஊசி காகிதத்தில் பேனா ஓடுவதுபோல் ஓடும். ஆட்டு ரோமமும் குழந்தையின் கன்னமும் வரைய இரண்டாவதுதான் சரி.

ரெம்பிராண்டின் பெயரில் வழங்கிவரும் கலவையின் விகிதம் எளிது: தேன்மெழுகு 2 பங்கு, மாஸ்டிக் பிசின் 1 பங்கு, நிலக்கீல் தூள் 1 பங்கு. 30 கிராம் மெழுகை மிகக் குறைந்த சூட்டில் உருக்கி, 15 கிராம் மாஸ்டிக்கைப் பொடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கரையுங்கள். பிறகு 15 கிராம் நிலக்கீல் தூள். எல்லாம் ஒன்றானதும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற்றி, கையால் பிசைந்து எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கி வைத்துக்கொள்ளலாம். நேரடித் தீயில் வைக்க வேண்டாம். மின் அடுப்பும் இரட்டைப் பாத்திரமும் போதும், சன்னல் திறந்திருக்கட்டும்.

சென்னை வெயிலில் இந்தக் கலவை கையில் ஒட்டும். மே மாதத்தில் வேலை செய்பவர்கள் மாஸ்டிக்கை 20 கிராமாக ஏற்றிக்கொள்வது நல்லது. அதிகம் ஏற்றினால் பூச்சு நொறுங்கி, ஊசி பட்ட இடத்தில் ஓரம் தெறிக்கும்.

தகட்டை மின் அடுப்பில் சூடாக்கி உருண்டையால் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் இளகிப் பரவினால் சூடு சரி, புகைந்தால் அதிகம். அங்கங்கே தேய்த்து, ரப்பர் உருளையால் மெல்லிய படலமாக இழுங்கள். வெந்தயத் தேநீர் நிறத்தில், செம்பு உள்ளே தெரியும் அளவுக்கு இருக்க வேண்டும். கருப்பாகத் தெரியும் அளவுக்குத் தடித்தால் ஊசி பள்ளம் பறிக்குமே தவிரக் கோடு போடாது.

அப்படியே வரைந்தால் பழுப்பின் மேல் செம்பு சரியாகத் தெரியாது. அதற்குத்தான் புகையேற்றுவது. நான்கைந்து மெல்லிய மெழுகுவத்திகளை ஒன்றாக முறுக்கிக் கொளுத்துங்கள். பூச்சு இன்னும் சூடாக இருக்கும்போதே தகட்டைக் குறடால் பிடித்துக் கவிழ்த்து, சுடரின் நுனி மட்டும் தொடும்படி நிறுத்தாமல் நகர்த்துங்கள். கரி மெழுகுக்குள் போய் முகம் பளபளப்பான கருப்பாகும். திரி பூச்சில் பட்டால் கோடு விழும். ஓரிடத்தில் நின்றால் மெழுகு கருகி அந்த இடம் மங்கலாகும்; கருகிய பூச்சு அமிலத்தைத் தாங்காது. மங்கல் தெரிந்தால் முழுவதையும் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள். ஒட்டுப் போட்டுச் சமாளித்த தகடு எதுவும் உருப்பட்டதில்லை.

வலம் இடமாகும்

அச்சில் எல்லாம் திரும்பி வரும். ஆயன் வலக்கையில் கோல் பிடிக்க வேண்டுமானால் தகட்டில் இடக்கையில் பிடிப்பான். கையெழுத்தும் ஆண்டும் கண்ணாடியில் தெரிவதுபோல் எழுதப்பட வேண்டும். ரெம்பிராண்ட் இதற்குக் கவலைப்படவில்லை. ஏறக்குறைய 1640இல் செய்த ஆம்ஸ்டர்டாம் நகரக் காட்சி அச்சில் இடவலம் மாறித்தான் நிற்கிறது. நகரமானால் உள்ளூர்க்காரர் கண்டுபிடிப்பார்கள். மலையும் மரமுமானால் யாருக்கும் தெரியாது. ஆனால் ரொட்டி வெட்டும் கை, பால் கொடுக்கும் தாய் குழந்தையைத் தாங்கும் கை இவையெல்லாம் மாறினால், எது தப்பு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு உறுத்தும்.

படத்தை டிரேசிங் தாளில் மென்மையான பென்சிலால் எடுத்து, பென்சில் பக்கம் பூச்சின் மேல் படும்படி கவிழ்த்து, ஈரத் தாள் ஒன்றை மேலே வைத்து எந்திரத்தில் லேசான அழுத்தத்தில் ஒருமுறை விடுங்கள். கருப்பின் மேல் வெள்ளி நிறத்தில் கோடுகள் இறங்கும். படமும் தானாகவே திரும்பிவிடும். முக்கியமான கோடுகள் மட்டும் போதும். நிழலுக்காகக் குறுக்கும் நெடுக்குமாகப் போடும் கோட்டுப் பின்னலை நேரடியாகத் தகட்டில்தான் போட வேண்டும்.

நேரக்கணக்கு

படத்தை நான்கு பகுதிகளாகப் பிரியுங்கள். கடி முடிந்த பகுதியை மறைப்பூச்சால் மூடிவிட்டு, மற்றவற்றை மறுபடி அமிலத்தில் இறக்குவோம். ஒன்று, தொலைமலையும் மேகமும். இரண்டு, நடுவில் உள்ள கழுதை, மேயும் மந்தை, தூரத்து மரங்கள். மூன்று, குடும்பம். நான்கு, முன்னால் உள்ள அடிமரம், அகன்ற இலைச் செடிகள், பாறையின் நிழல்.

கண்ணுக்கு ஒரு படி கருமை கூடியதாகத் தெரிய, நேரம் ஏறக்குறைய இரட்டிக்க வேண்டும். ஐந்து, ஏழு, ஒன்பது நிமிடம் என்று வைத்தால் அச்சில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். புதிதாகச் செய்பவர்களின் படங்கள் தட்டையாக இருப்பதற்கு முதல் காரணம் இது. 40 பாகை போமே (கரைசலின் அடர்த்தியை அளக்கும் அலகு) உள்ள ஃபெரிக் குளோரைடுக்கு (அமிலத்தின் இடத்தில் நாம் பயன்படுத்தும் இரும்பு உப்பு), 28–30 பாகை செல்சியஸ் வெப்பத்தில், தொடங்க ஏற்ற கணக்கு இது: மலைக்கு மொத்தம் 5 நிமிடம், நடுப்பகுதிக்கு 10, குடும்பத்துக்கு 20, முன்நிழலுக்கு 40.

இதை அப்படியே நம்பிப் பெரிய தகட்டை இறக்க வேண்டாம். அதே செம்பில் வெட்டிய ஒரு துண்டில் ஒரே மாதிரி கோட்டுப் பின்னல் போட்டு, 3, 6, 12, 24, 48 நிமிடம் கடித்து அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். குளிர்ந்த அறையில் இதே கரைசல் கணிசமாக மெதுவாகக் கடிக்கும். பலமுறை பயன்படுத்திய பழைய கரைசலும் அப்படியே.

ஊசி வேலை

தையல் ஊசியைச் சிறு மரக்கைப்பிடியில் செருகி, நுனியை நுண்ணிய கல்லில் வட்டமாகத் தேய்த்து மழுக்குங்கள். ஊசி மெழுகைத்தான் விலக்க வேண்டும். செம்பைக் கீறும் வேலை அமிலத்துடையது. கூரான ஊசி செம்பில் மாட்டி, வளைவுகள் கோணலாகும். அழுத்தம் போதாமல் மெழுகு பாதி நின்றாலும் அந்தக் கோடு கடிபடாது. ஒவ்வொரு கோட்டிலும் செம்பின் மினுக்கம் தெரிகிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பாருங்கள்.

கோடுகளின் இடைவெளிதான் பலர் தவறும் இடம். அமிலம் கீழே போவதோடு பக்கவாட்டிலும் அகலும். 40 நிமிடம் கடிபடும் அடிமரத்தில் கோடுகளை அரை மி.மீ.க்கும் நெருக்கமாகப் போட்டால் நடுவிலுள்ள செம்புச் சுவர் இடிந்து விழுந்து, அகன்ற பள்ளமாகிவிடும். பள்ளம் ஆழமாக இருப்பதால் கருப்பாக வரும் என்று தோன்றும். வராது. மையைப் பிடிக்கச் சுவர் இல்லாததால் துடைக்கும் துணி அதை வாரிக்கொண்டு போய்விடும், அங்கே அழுக்குச் சாம்பல் நிறம்தான் மிஞ்சும். ஆழ்ந்த கருப்பு வேண்டுமானால் கோடுகளை விட்டுவிட்டுப் போட்டு நீளமாகக் கடியுங்கள். தொலைமலையில் மட்டும் நெருக்கமாகப் போடலாம்.

இனி ஆடு. வெளிக்கோடு போட்டு உள்ளே ரோமம் நிரப்பினால் பஞ்சுத் தலையணை மாதிரி ஆகிவிடும். ஒளி இடப்பக்கத்திலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகின் இடப்பக்கத்தில் எதுவுமே போடாதீர்கள்; பின்னால் உள்ள மரநிழல் வந்து முட்டி அங்கே விளிம்பைக் காட்டட்டும். வயிற்றுக்கடியில் மட்டும் அரைச்சுழி போன்ற சிறு வளைவுகள், ஒன்றோடொன்று தொடாமல், இரண்டு மூன்று சேர்ந்து ஒரு கொத்தாக. கொத்துகளுக்கு நடுவே வெள்ளை. கால்களுக்கு மட்டும் ஒடிந்த நேர்க்கோடுகள், ஏனென்றால் அங்கே ரோமம் இல்லை. வெள்ளாடானால் வளைவுகளை விட்டுவிட்டு, நீண்டு தொங்கும் நேர் இழைகளாக, நுனியில் மெலியும்படி இழுக்க வேண்டும்.

தாயின் தலைத்துணிதான் படத்திலேயே வெளிச்சமான இடம். அதில் இரண்டு மடிப்புக் கோட்டுக்கு மேல் போட்டால் கெட்டது. முகத்தில் குறுக்குப் பின்னல் வேண்டாம். கன்னத்தின் நிழலுக்குப் புள்ளிகளும் அரிசி நீளக் கோடுகளும் போதும். முரட்டுத் துணிக்கு மடிப்பின் போக்கிலேயே ஓடும் இணைக்கோடுகள். ஆஸ்டாடேயின் கோட்டைப் பாருங்கள்: நடுங்கி, விட்டுவிட்டு, சில இடத்தில் அறவே நின்றுபோய் ஓடுகிறது. அந்த விடுபட்ட இடங்கள் வழியாகத்தான் வெளிச்சம் உள்ளே வருகிறது.

இரண்டு பகுதிகள் சந்திக்கும் எல்லையில் கோடுகளைத் திட்டமாக நிறுத்தாமல், ஒன்றுக்குள் ஒன்று விரல் கோத்ததுபோல் நீட்டுங்கள். இல்லையென்றால் மறைப்பூச்சின் ஓரம் அச்சில் வேலிபோல் தெரியும்.

அமிலம்

ஆப்ரஹாம் போஸ் 1645இல் பாரிஸில் வெளியிட்ட செதுக்குமுறை நூலில், வினிகர், நவச்சாரம், உப்பு, செம்புக்களிம்பு சேர்ந்த கரைசலைச் சாய்த்து வைத்த தகட்டின் மேல் திரும்பத் திரும்ப ஊற்றும் முறை இருக்கிறது. வீட்டில் செய்ய ஃபெரிக் குளோரைடே உத்தமம். மின்சுற்றுப் பலகை செய்பவர்கள் பயன்படுத்தும் அதே பொருள். சென்னையில் ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைத்தெருக்களில் கேட்டால் கிடைக்கும். நைட்ரிக் அமிலமும் கடிக்கும், ஆனால் அதன் புகை நுரையீரலைப் பதம் பார்க்கும், கோட்டின் ஓரமும் முரடாகும்.

கட்டியாக வாங்கினால் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரை எடுத்து, அதில் கட்டியைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். கரையும்போது நன்றாகச் சூடேறும். ஆறிய பிறகு அடர்த்திமானியால் அளந்து 40 பாகைக்குக் கொண்டுவாருங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரம் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

தகட்டின் பின்பக்கத்தைப் பழுப்பு பேக்கிங் டேப்பால் மூடி, விளிம்புகளில் மறைப்பூச்சு தடவி இறக்குங்கள். இந்தக் கரைசலில் குமிழி வராது. வேலை நடப்பதே தெரியாது. ஆனால் கோடுகளுக்குள் வண்டல் படியும், படிந்தால் கடி நின்றுவிடும். அதனால் நான்கு மூலையிலும் சிறு தெர்மாகோல் துண்டு ஒட்டித் தகட்டை முகம் கீழாகக் கவிழ்த்து வையுங்கள், வண்டல் தானாக உதிரும். அடியில் காற்று சிக்காமல் இருக்க ஒரு பக்கமாகச் சாய்த்து இறக்க வேண்டும்.

முதல் 5 நிமிடம் ஆனதும் எடுத்து, தண்ணீரில் நன்றாக அலசி, துடைக்காமல் மின்விசிறியில் காயவிடுங்கள். இப்போது மலையும் மேகமும் முடிந்தது. அவற்றை மூட வேண்டும். போஸ் கொழுப்பையும் எண்ணெயையும் காய்ச்சித் தூரிகையால் தடவச் சொன்னார். நமக்கு மரவேலைக்காரர்களின் அரக்குப் பாலிஷ் போதும்: அவல் போன்ற செதில்களாக உள்ள அரக்கு 1 பங்கை 4 பங்கு ஸ்பிரிட்டில் கரைத்து, கண்ணுக்குத் தெரிய ஒரு சிட்டிகைச் சாயம் சேர்த்தால் மறைப்பூச்சு தயார். ஸ்பிரிட் மெழுகைக் கரைக்காது என்பதே இதன் வசதி. ஒரு மணி நேரம் காயட்டும். அவசரப்பட்டால் அரக்கு ஈரம் பட்டு வெளுத்து உரியும்.

பிறகு இன்னொரு 5 நிமிடம், அலசல், கழுதையையும் மந்தையையும் மூடுதல். அடுத்து 10 நிமிடம், குடும்பத்தை மூடுதல். கடைசியாக அடிமரத்துக்கு 20. இந்தக் கடைசிச் சுற்றில் பூச்சு களைத்துப்போயிருக்கும். பூதக்கண்ணாடியால் பார்த்து, ஊசிமுனை அளவு செம்பு மினுங்கினாலும் உடனே அரக்கு வையுங்கள். தாயின் தலைத்துணியில் விழும் ஒரே ஒரு புள்ளி ஈ மொய்த்ததுபோல் தெரியும்.

அரக்கை ஸ்பிரிட்டாலும், மெழுகை மண்ணெண்ணெயாலும் துடையுங்கள். வலுவிழந்த கரைசலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அதில் கரைந்த செம்பு இருக்கிறது. சலவை சோடாவை நுரை நிற்கும்வரை சேர்த்து, படிந்த வண்டலைத் தனியாகக் கட்டி அபாயக் கழிவாகக் கொடுக்க வேண்டும்.

அச்செடுத்தல்

எந்திரம் சொந்தமாக இருப்பது அபூர்வம். சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் அச்சோவியக் கூடம் உண்டு. கவின் கலைக் கல்லூரிகளிலும் விசாரிக்கலாம்.

தாள் 250 முதல் 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளாக இருக்கட்டும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் போன்றவை இதற்கு ஏற்றவை. அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒற்றுத்தாள்களுக்கிடையே அழுத்தி எடுங்கள். தொட்டால் குளிர வேண்டும், ஆனால் நீர் மினுங்கக் கூடாது. ஈரம் மிஞ்சினால் மை ஒட்டாமல் வெள்ளைத் திட்டு விழும். குறைந்தால் ஆழமான கோடுகளுக்குள் தாள் இறங்காது.

எண்ணெய் சேர்ந்த கெட்டியான எட்சிங் கருப்பு மையை, வெதுவெதுப்பான தகட்டில் அட்டைத் துண்டால் எல்லாத் திசையிலும் தள்ளிக் கோடுகளை நிரப்புங்கள். கஞ்சி போட்டு விறைத்த மஸ்லின் துணியைப் பந்தாகச் சுருட்டி வட்டவட்டமாகத் துடையுங்கள். துணியை அமுக்கினால் கோட்டுக்குள்ளிருந்து மை கிளம்பும். உள்ளங்கை எடைக்கு மேல் வேண்டாம். கடைசியில் உள்ளங்கையில் சுண்ணக்கட்டித் தூள் தொட்டு, தட்டிவிட்டு, வேகமாக வழித்தால் முகம் சுத்தமாகும். மரநிழலில் மெல்லிய மைப்படலத்தை விட்டுவைத்தால் மாலை வெயில் போல இருக்கும். ரெம்பிராண்ட் இதை அடிக்கடி செய்தார். தலைத்துணியையும் ஆட்டின் முதுகையும் மட்டும் விரலில் சுற்றிய மெல்லிய துணியால் தனியாகத் துடைத்துவிடுங்கள். விளிம்புச் சரிவுகளையும் மறக்க வேண்டாம்.

மை இல்லாமல் ஒருமுறை விட்டு அழுத்தம் பாருங்கள். தாளின் மேல் கோடுகள் வெள்ளையாகப் புடைத்து நிற்க வேண்டும். கம்பளி மூன்று அடுக்கு. சுற்றும்போது நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் பட்டை விழும்.

முதல் அச்சு முடிவல்ல

முதல் அச்சில் குறைந்தது மூன்று தப்பாவது இருக்கும். மலை கருத்துப்போயிருந்தால் எஃகு மெருகூட்டியை ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அந்தக் கோடுகள் மேல் தேயுங்கள். வாய் குறுகி, கோடு வெளுக்கும். முற்றாக நீக்க வேண்டுமானால் சுரண்டியால் சீவி, குழிந்த இடத்தைப் பின்பக்கத்திலிருந்து தட்டிச் சமப்படுத்த வேண்டும். கருமை போதாத இடத்தில் கூரான எஃகு ஊசியால் நேரடியாகக் கீறலாம். கீறலின் ஓரத்தில் எழும் பிசிர் மையைப் பிடித்து வெல்வெட் கருப்பு தரும், ஆனால் எந்திரத்தின் அழுத்தத்தில் பத்து இருபது பிரதிக்குள் அது மழுங்கிவிடும். அதனால் கீறல் வேலையை எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகே வையுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன் ஒரு பிரதி எடுத்து, எந்த இடத்தில் என்ன செய்தோம் என்று அதன் ஓரத்திலேயே பென்சிலால் எழுதுங்கள்.

அச்சிட்ட தாள்களை ஒற்றுத்தாள்களுக்கிடையே பலகையின் கீழ் வைத்து, தினமும் ஒற்றுத்தாளை மாற்றினால் மூன்று நாளில் தட்டையாகக் காயும். கோடுகளில் மை உலர்ந்துபோனால் அடுத்த முறை பாதிக் கோடுதான் அச்சில் வரும் என்பதால், தகட்டை அன்றைக்கே மண்ணெண்ணெயால் பல்துலக்கி கொண்டு துலக்கிவிட்டு, மெல்ல வாசலின் தடவி, அமிலமில்லாத தாளில் சுற்றி வையுங்கள்.